கோமாளி மீனும் கமக்காரர் கடமையும்

(நானாட்டானிற் கூடிய கமக்காரர், மாதர், இளைஞர் முன்னிலையில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய பேச்சு)



நெல்லையும் மிளகாயையும் பற்றிப் பேசவேண்டிய நான் இன்று கடல்மீன் ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உங்களுட் சிலர் முறுவலிப்பதைக் காண்கிறேன். "போதனாசிரியர் வயலை விட்டுக் கடலில் இறங்கிவிட்டாரோ?" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் மெல்லக் கேட்டதும் என் செவியில் விழுந்தது. அவருக்கு விடை கூறிய பின்பே மேலே செல்வது முறை.

பெரும்போக அறுவடை முடிந்து கையிற் பணம் புழங்கும் நாள்களில் வீடு வீடாகச் சென்றபோது, இளைஞர் பலர் ஒரே கேள்வியை என்னிடம் கேட்டனர். "ஐயா, பாரிற் பிடிக்கும் வண்ண மீனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து விற்றால் நெல்லைவிட இலாபம் வருமாமே, உண்மையா?" என்பதே அக்கேள்வி. ஒரு வீட்டில் விதைநெல்லுக்கென ஒதுக்கிய பணத்தைத் தொட்டிக்குக் கொடுக்க மகன் விரும்பினான்; தகப்பனார் மறுத்தார்; தாயார் இருவருக்கும் நடுவே நின்று கலங்கினார். ஒரு குடும்பத்தின் அடுத்த போகம் இக்கேள்வியில் தங்கியிருந்தது. ஆகவே, இது கமத்துக்குப் புறம்பான பேச்சன்று. மேலும், நம் வயலிலிருந்து வடியும் நீர் அம்மீன் வாழும் கடலையே சென்று சேர்கின்றது. இவ்விரு காரணங்களாலும் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

மீன் எத்தகையது?

பாரில் வாழும் வண்ண மீன்கள் மிகப் பல. அவற்றுள் யாவரும் அறிந்தது கோமாளி மீன். 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த சித்திரத் திரைப்படம் ஒன்றினால் இதன் உருவம் உலகெங்கும் பரவியது. செம்மஞ்சள் உடலில் மூன்று வெண்பட்டிகள் கொண்ட அந்தப் படத்து மீன் நம் மன்னார்க் கடலுக்கு உரியதன்று. அதன் இனங்கள் அந்தமானுக்குக் கிழக்கேயும் அவுத்திரேலியா, நியூகினி ஆகியவற்றின் கரைகளிலும் வாழ்கின்றன. நம் கடலில் வாழும் கோமாளி மீன் இனம் ஒன்றின் உடல் கருமையும் கபிலமும் கலந்தது. அதில் இரு வெண்பட்டிகள் உண்டு. வால் மஞ்சள் நிறமானது. நன்கு வளர்ந்தால் ஓர் ஆணின் கையகலத்தை விட நீளமாகும்.

இம்மீன் தனித்து வாழ்வதில்லை. கடலடியிற் கம்பளம் விரித்தாற்போற் கிடக்கும் கடற்சாமந்தி என்னும் உயிரின் மடியிலேயே இது வாழும். கடற்சாமந்தி பூவைப்போலத் தோன்றினும் அது பூவன்று, விலங்கு. அதன் விரல்கள் தீண்டிய சிறுமீன் நஞ்சேறி மடியும். ஆனால் கோமாளி மீனை அதன் உடலைப் போர்த்திய வழுவழுப்பான படலம் காக்கின்றது. மீனுக்குச் சாமந்தி அரணாகின்றது. சாமந்தியைக் கடித்துண்ண வரும் பிற மீன்களைக் கோமாளி விரட்டுகின்றது. அதன் கழிவு சாமந்திக்குப் பசளையுமாகின்றது. அவரையும் அதன் வேர் முடிச்சிலுள்ள நுண்ணுயிரும் ஒன்றையொன்று தாங்கி வாழ்வதை நீங்கள் அறிவீர்கள். இதுவும் அத்தகைய கூட்டு வாழ்வே.

இதன் குடும்ப ஒழுங்கு வியப்பானது. குஞ்சுகள் யாவும் முதலில் ஆண் தன்மை உடையனவாகவே வளரும். ஒரு சாமந்தியில் வாழும் கூட்டத்துள் மிகப் பெரியது பெண். அதற்கு அடுத்தது அதன் துணையான ஆண். ஏனையவை இனப்பெருக்கஞ் செய்யாத சிறியவை. பெண் இறந்தால் அந்த ஆணே சில காலத்திற் பெண்ணாக மாறும். சிறியவற்றுள் மூத்தது ஆணின் இடத்தைப் பெறும். ஒரு கூட்டத்திற் பெரிய மீனைப் பிடிப்பவன் முட்டையிடும் தாயையே எடுத்து விடுகிறான் என்பதை இதனால் உணரலாம். விதைக்கென வைத்த முற்றிய காயை முதலிற் பறித்து விற்பதற்கு இச்செயல் ஒப்பாகும்.

பாரிலிருந்து அள்ளுவது தகாது

மன்னார்க் கடலின் செல்வத்தை மனிதன் அளவின்றி அள்ளிய வரலாறு நமக்குப் புதிதன்று. சிலாவத்துறை, அரிப்பு ஆகிய இடங்களுக்கு எதிரேயுள்ள பார்களில் 1905ஆம் ஆண்டில் மாபெரும் முத்துக்குளிப்பு நடந்தது. அரசினருக்குப் பெருவருவாய் கிடைத்தது. மறு ஆண்டில் பார்கள் ஒரு கம்பனிக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டன. 1907ஆம் ஆண்டின் பின் பல ஆண்டுகளுக்குக் குளிப்பதற்குச் சிப்பியே இல்லாது போயிற்று. முத்துச்சிப்பி குறைந்தமைக்குக் கடல் நீரோட்டம், எதிரி மீன்கள் முதலிய வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் குறைந்துவரும் பொருளை மேலும் அள்ளுவது அறிவுடைமையன்று என்னும் பாடம் அங்கே நமக்குக் கிடைக்கின்றது.

வண்ண மீன் பிடிப்போருட் சிலர் பாரை உடைத்தும், சாமந்தியைப் பெயர்த்தும், நஞ்சைத் தெளித்து மீனை மயக்கியும் பிடிப்பது பல நாடுகளில் நடந்துள்ளது. நஞ்சில் அகப்பட்ட மீன் வெளித்தோற்றத்தில் நலமாக இருப்பினும் சில நாள்களில் மடியும். வாங்கியவர் தம் வளர்ப்பிற் குறை என்று எண்ணி வருந்துவர், மீண்டும் வாங்குவர், பார் மீண்டும் அழியும். நம் நாட்டில் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் நஞ்சும் வெடியும் கொண்டு மீன் பிடிப்பதைத் தடுக்கின்றது. உயிர்மீன் ஏற்றுமதிக்கு 1998ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் உண்டு. சில இனங்களை ஏற்றுமதி செய்வது முற்றாகத் தடுக்கப்பட்டுள்ளது. உயிருள்ள முருகைக்கல்லைக் கடலிலிருந்து எடுப்பதும் குற்றமே. இவற்றை அறியாது இறங்கும் இளைஞன் முதலையும் இழந்து வழக்கிலும் அகப்படுவான்.

அப்படியாயின் கோமாளி மீனைப் பெறுவது எவ்வாறு? பொரிப்பகத்திற் பிறந்த குஞ்சை வாங்குவதே நேரிய வழி. கோமாளி மீன் அடைப்பில் முட்டையிட்டுப் பெருகக்கூடிய சில கடல் வண்ண மீன்களுள் ஒன்று. நமது எதிர்க்கரையிலுள்ள மண்டபத்தில் மத்திய கடல்சார் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறைகளை வகுத்துள்ளன. பொரிப்பகக் குஞ்சு தொட்டியிலேயே பிறந்தமையால் ஏந்திய உணவை உண்ணும், ஆட்கண்டு அஞ்சாது, பாரில் ஒரு குடும்பத்தைக் குலைத்து வந்ததுமன்று.

தொட்டியும் நீரும்

இனி வளர்க்கும் முறையைக் கூறுவேன். விற்பனைக்காக அன்றி, பிள்ளைகளின் மகிழ்ச்சிக்கும் கல்விக்குமாக ஒரு சோடி வளர்க்க விரும்புவோர் இதனைக் கருத்தில் இருத்துக.

தொட்டி சிறிதாக இருத்தல் ஆகாது. சிறிய தொட்டியில் வெப்பமும் உப்பும் விரைந்து மாறும். படத்திற் கண்ட சிறிய இனத்துச் சோடிக்கு 100 லீற்றர் நீராயினும் வேண்டும். நம் கடலின் பெரிய இனத்துக்கு 200 லீற்றருக்கு மேல் வேண்டும். நான்கு அடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டி ஏறத்தாழ 250 லீற்றர் கொள்ளும். அந்நீரின் நிறை மட்டும் கால் தொன். ஆகவே தாங்கி உறுதியாக இருக்கட்டும். சாதாரண மேசையில் வைத்து நள்ளிரவில் வீடெல்லாம் கடலாகிய கதைகளும் உண்டு.

மன்னாரின் வெயில் கடுமையானது. நீரின் வெப்பம் 25 முதல் 28 பாகை செல்சியசு வரை இருத்தல் நலம். 30 பாகைக்கு மேல் நெடுநாள் நிற்பின் மீன் வாடும், சாமந்தி வெளிறும். எனவே தொட்டியைத் தகரக் கூரையின் கீழோ, மேற்குச் சன்னலின் அருகிலோ வைக்கற்க. நீரின் மேற்பரப்பில் சிறு மின்விசிறியின் காற்றுப் படச் செய்தால், நீர் ஆவியாகும்போது வெப்பம் ஓரளவு தணியும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இவ்வாறே.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. கடல்நீரை எடுப்பதாயின் ஆற்று முகத்துக்கும் வடிகாலுக்கும் தொலைவான இடத்தில், மழையில்லாத நாளில், தெளிந்த நீராக எடுக்கவேண்டும். மாரியில் அருவியாறு பெருகிக் கடலிற் கலக்கும் காலத்தில் கரையோர நீரின் உப்புக் குறைந்தும் கலங்கியும் இருக்கும். அதனை எடுத்தல் ஆகாது. எடுத்த நீரைத் துணியில் வடித்து, மூடிய பாத்திரத்தில் இருட்டில் இரு வாரம் நிற்கவிட்டு, தெளிவை மட்டும் வார்த்து எடுக்க. உப்பின் அளவை அடர்த்திமானியாற் சோதிக்கலாம், அது 1.020 முதல் 1.025 வரை காட்டுதல் வேண்டும்.

தொட்டி நீர் குறையும்போது பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. குறைந்த அளவுக்குக் கடல்நீரை ஊற்றுகின்றனர். ஆவியாகிச் செல்வது நன்னீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். மீண்டும் மீண்டும் கடல்நீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். உவர் நிலத்தில் நீர் வற்ற வற்ற மேலே உப்புப் பூப்பதைக் கண்ட நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஆவியான அளவுக்கு நன்னீரே சேர்க்கவேண்டும். வயற்புறக் கிணற்று நீரிற் பசளைச் சத்து கலந்திருத்தல் கூடும். முதல் மழையில் கூரை கழுவப்பட்ட பின் பிடித்த மழைநீரே சிறந்தது.

தொட்டி பண்படுதல்

இப்பேச்சில் மிக முதன்மையான பகுதி இதுவே. புதிய தொட்டியில் நீர் நிரப்பிய அன்றே மீனை விடுவோர் பெரும்பாலும் மீனை இழப்பர்.

மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் அழுகி அமோனியாவாகின்றன. அமோனியா மீனின் பூக்களை எரிக்கும் நஞ்சு. யூரியாவை வயலில் இட்டதும் அது அமோனியாவாகின்றது என்பதைப் பயிற்சி வகுப்புகளிற் கூறியிருக்கிறேன். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அதே வகை நுண்ணுயிர்களே தொட்டியின் மணலிலும் கல்லிலும் வடியிலும் குடியேறி அந்த வேலையைச் செய்யவேண்டும். அவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். ஆகவே புதிய தொட்டி முதல் நாளில் உயிரைத் தாங்காது.

எனவே தொட்டியில் மணலும் கல்லும் இட்டு, நீர் நிரப்பி, வடியையும் காற்றுப் பம்பியையும் ஓடவிட்டு, மீனின்றி நாள்தோறும் ஒரு சிட்டிகை உணவு மட்டும் இட்டு வருக. கடையில் விற்கும் சோதனை மருந்தைக் கொண்டு அமோனியாவையும் நைத்திரைற்றையும் வாரம் இருமுறை பார்க்க. இரண்டும் முதலில் ஏறி, பின் இறங்கி, இல்லையென்று காட்டும் நாளே மீனை விடும் நாள். அதன் பின்னும் இரு வாரத்துக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுதல் வேண்டும். வடியிலுள்ள பஞ்சைக் குழாய் நீரிற் கழுவற்க. குளோரீன் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். மாற்றி எடுத்த பழைய கடல்நீரிலேயே அதனை அலசுக. அந்நீரைத் தோட்டத்திற் கொட்டற்க, பயிர் கருகும்.

கடற்சாமந்தி இல்லாமலே கோமாளி மீன் தொட்டியில் நலமாக வாழும். சாமந்திக்கு வலிய ஒளியும், மாதக்கணக்கிற் பண்பட்ட நீரும் வேண்டும். புதிதாகத் தொடங்குவோர் கையில் அது பெரும்பாலும் அழுகும். அழுகிய சாமந்தி தொட்டி முழுவதையும் நஞ்சாக்கும். ஒரு சட்டித் துண்டைச் சாய்த்து வைத்தாற் போதும். மீன் அதனையே வீடாக்கிக் கொள்ளும்.

உணவும் நோயும்

இறாற் சதை, மட்டிச் சதை, மீன் சதை ஆகியவற்றைப் பொடியாக நறுக்கிக் கழுவி, நாளுக்கு இருமுறை கொடுக்கலாம். இரண்டு மூன்று நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே போதும். பசியால் மடியும் தொட்டி மீனிலும் மிகையுணவால் மடிவதே அதிகம். பயிருக்குப் பசளை மிகுந்தாற் பூச்சியும் நோயும் மிகுவதைப் போன்றதே இதுவும்.

புதிய மீன் எதனையும் நான்கு வாரம் வேறு தொட்டியில் வைத்துப் பார்த்த பின்பே பழைய மீனுடன் சேர்க்கவேண்டும். உடலில் உப்புத்தூள் தூவினாற்போல் வெண்புள்ளி காணின் அது ஒட்டுண்ணி நோய். மயில்துத்தத்திலுள்ள செப்பு அந்த ஒட்டுண்ணியைக் கொல்லும். ஆயினும் அதனை அளந்து, தனித் தொட்டியில் மட்டுமே, அறிந்தவர் சொற்படி பயன்படுத்தவேண்டும். சாமந்திக்கும் சிப்பிக்கும் இறாலுக்கும் செப்பு மிகக் கொடிய நஞ்சு. தக்காளி வெளிறலுக்குப் போடோக் கலவை கரைத்த வாளியை மீன்தொட்டிக்கு ஒருபோதும் எடுக்கற்க.

முட்டையும் குஞ்சும்

இணைந்த சோடி நன்கு பழகிய பின், சட்டி ஓட்டின் உட்புறத்தைக் கடித்துத் துப்புரவாக்கி அதிற் சில நூறு முட்டைகளை ஒட்டும். ஆண் மீன் இரவு பகலாகச் செட்டையால் விசிறி அவற்றைக் காக்கும். பழுதானவற்றை வாயால் அகற்றும். ஆறு முதல் எட்டு நாளில், இருள் சூழ்ந்த சிறிது நேரத்தில், முட்டை பொரிக்கும். இதுவரை எல்லாம் எளிது. இதன் பின்பே தொல்லை தொடங்கும்.

பொரித்த குஞ்சு கண்ணுக்கு அரிதாகவே தெரியும். அது நறுக்கிய இறாலை உண்ணாது. உயிருள்ள நுண்விலங்குகளையே உண்ணும். அந்த நுண்விலங்குகளை வளர்க்க நுண்பாசியை வளர்க்கவேண்டும். பின்னர் உப்பு நீர்ச் சிற்றிறாலின் குஞ்சைப் பொரிக்கவைத்துக் கொடுக்கவேண்டும். இரு வாரம் சென்றே குஞ்சு வெண்பட்டி பூண்டு கீழே இறங்கும். ஆகவே கோமாளி மீனை விற்பனைக்கு வளர்ப்பவர் மூன்று பண்ணைகளை நடத்துகிறார்: பாசிப் பண்ணை, நுண்விலங்குப் பண்ணை, மீன் பண்ணை. ஒன்று ஒரு நாள் தவறினும் மற்றவை வீழும். மின்சாரம் சில மணி நேரம் நின்றாலும் இதே நிலைதான். நாற்றுமேடை காய்ந்தபின் வயலில் நீர் இருந்து பயனென்ன?

இலாபமா?

இப்பொழுது இளைஞர் கேட்ட கேள்விக்கு நேரான விடை கூறுவேன். விதைநெற் பணத்தையோ, நகையை அடகு வைத்த பணத்தையோ கடல்மீன் தொட்டியில் இடுவது தகாது. விற்கும் விலையை மட்டும் கேட்டு இலாபம் கணக்கிடல் ஆகாது. கண்ணாடி, மின்சாரம், உப்பு, உணவு, மடியும் மீன், ஏற்றுமதிச் சந்தையான கொழும்புக்கு ஒட்சிசன் நிரப்பிய பைகளிற் கொண்டுசெல்லும் செலவு ஆகிய யாவற்றையும் எழுதிப் பார்க்க. வழியில் இறந்த மீனுக்கு விலை கொடுப்பவர் இல்லை.

அவ்வாறெனின் அலங்கார மீனே நமக்கு ஆகாதோ? அப்படிக் கூறேன். நன்னீர் மீனில் தொடங்குக என்பதே என் ஆலோசனை. கப்பி, மொலி, பிளற்றி, வாள்வால் ஆகியவை குட்டியையே ஈனும். ஆகவே நுண்விலங்குப் பண்ணை வேண்டியதில்லை. நம் நாட்டின் நன்னீர் அலங்கார மீன் ஏற்றுமதியில் கப்பிக்குச் சிறந்த இடம் உண்டு. முற்றத்தில் இரண்டு சீமெந்துத் தொட்டி, மேலே நிழல் வலை, பறவையும் தவளையும் புகாத மூடி ஆகியவை போதும். 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை அலங்கார மீன் வளர்ப்புக்கு வழிகாட்டுகின்றது. முதலிற் பயிற்சி, பின்பு வாங்குவோர் யாரென அறிதல், அதன் பின்பே தொட்டி கட்டுதல். இந்த ஒழுங்கை மாற்றற்க. இரண்டு போகம் கப்பியை இழப்பின்றி வளர்த்தவர் கடல்மீனைப் பற்றி யோசிக்கலாம். வளர்த்த மீனைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடுவது மட்டும் கூடாது. அந்நிய மீன் பெருகினால் நம் குளத்து மீன்கள் ஒடுங்கும்.

வயலிலிருந்து பாருக்கு

முடிவாக, நான் செய்த பிழை ஒன்றைக் கூறவேண்டும். விவசாயப் பாடசாலையில் பயிற்சி முடித்துப் பணியேற்ற புதிதில் என் அறையில் ஒரு சிறு தொட்டியும் அதில் இரு கோமாளி மீன்களும் இருந்தன. ஒரு நாள் மாலை கத்தரித் தோட்டமொன்றிற் பூச்சிநாசினி தெளிக்கும் முறையைச் செய்து காட்டிவிட்டு, கையை வெறும் நீரில் அலசிக்கொண்டு வந்தேன். தொட்டியிற் சாய்ந்திருந்த சட்டித் துண்டைக் கைவிட்டு நிமிர்த்தினேன். விடியும்போது இரண்டும் பக்கவாட்டிற் சரிந்து கிடந்தன. பைரித்திரொயிட்டு வகை நாசினிகள் மனிதருக்கு ஒப்பளவிற் குறைந்த தீங்கே செய்யினும் மீனுக்கு மிகச் சிறிய அளவிலேயே கொல்லும் நஞ்சாகும் என்று நானே பலருக்குப் படிப்பித்தவன். படிப்பித்தது என் கைக்கு எட்டவில்லை.

அன்று முதல் ஒரு காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. தெளிகருவியை வாய்க்காலிற் கழுவுவதை நான் எத்தனை முறை கண்டும் காணாதவன்போற் சென்றிருக்கிறேன்! கையில் ஒட்டிய எச்சம் ஒரு தொட்டியை அழித்ததாயின், கருவியின் அடியில் மிஞ்சிய நஞ்சு எதனை அழிக்காது? கடல் பெரியது, நஞ்சு கரைந்துவிடும் என்பர். உண்மை, நடுக்கடலிற் கரையும். ஆனால் கட்டுக்கரைக்குளத்து நீர் பாய்ந்த நம் வயல்களின் வடிநீர் முதலிற் சேர்வது சிறு வாய்க்கால்களிலும், வங்காலைப் பக்கத்துச் சேற்று நிலங்களிலும், ஆழமற்ற கரையோரத்திலுமே. மீன்குஞ்சும் இறாற்குஞ்சும் வளரும் தொட்டில்கள் அவையே. வங்காலை 2008ஆம் ஆண்டிற் சரணாலயமாகவும், 2010ஆம் ஆண்டில் உலகச் சிறப்புடைய ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இடம். அங்கே வலைவீசும் குடும்பங்களின் அடுப்பும் நம் வடிகாலை நம்பியிருக்கின்றது.

பாருக்கு வேறு துன்பமும் உண்டு. 1998ஆம் ஆண்டிற் கடல்நீர் மிக வெப்பமடைந்தபோது இலங்கையின் ஆழங்குறைந்த பார்களில் முருகைக்கற்கள் பெருமளவில் வெளிறி மடிந்தன. 2016ஆம் ஆண்டிலும் மன்னார் வளைகுடாவில் வெளிறல் நேர்ந்தது. கடலின் வெப்பத்தை நாம் நானாட்டானிலிருந்து தணிக்க இயலாது. ஆனால் வெப்பத்தால் நலிந்த பாரின் மேல் நஞ்சும் பசளையும் சென்று விழாமற் காக்க இயலும். மிகையான பசளைச் சத்து கடலிற் பாசியை வளர்த்து முருகைக்கல்லை மூடுகின்றது. நெல்லுக்கு விலை கொடுத்து வாங்கிய யூரியா பாசிக்குப் போவது உங்கள் பணமும் அல்லவா?

ஆகவே பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்:

1. யூரியாவை ஒரே முறையில் இடாது, பயிரின் பருவத்துக்கேற்பப் பிரித்து இடுக. வரம்பு கடந்து நீர் வழியும் நாளிலும், பெருமழை வரும் அறிகுறி உள்ள நாளிலும் இடற்க.

2. நாசினி தெளித்த வயலின் நீரை, சிட்டையில் குறித்த நாள் வரையாயினும் வெளியே வடிக்கற்க. எலிவளையும் வரம்பு உடைப்பும் முன்னரே அடைக்கப்படட்டும்.

3. தேவையான அளவே கரைக்குக. தெளிகருவியை வாய்க்காலிலும் குளத்திலும் கிணற்றடியிலும் கழுவற்க. கழுவிய நீரைத் தெளித்த வயலிலேயே தெளித்து விடுக.

4. வெற்றுப் போத்தல்களை மும்முறை கழுவி, துளையிட்டு, சேர்த்து ஒப்படைக்குக. வாய்க்காலில் எறியற்க.

5. பூச்சியைக் கண்டதும் தெளிக்கற்க; எண்ணிப் பார்த்து, சேத அளவு மீறினால் மட்டும் தெளிக்குக.

6. பாரிற் பிடித்த வண்ண மீனை வாங்கற்க. பொரிப்பகத்திற் பிறந்ததா எனக் கேட்டு வாங்குக.

7. கடல்மீன் தொட்டியை ஆறு வாரம் பண்படுத்தாது மீன் விடற்க. நாசினி தொட்ட கையைத் தொட்டியில் இடற்க.

8. அலங்கார மீனைத் தொழிலாகத் தொடங்குவோர் நன்னீர் மீனில், சிறு முதலில், பயிற்சி பெற்ற பின் தொடங்குக.

தொடக்கத்திற் கூறிய வீட்டின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். விதைநெற் பணம் விதைநெல்லுக்கே சென்றது. மகன் முற்றத்தில் ஒரு பழைய சீமெந்துத் தொட்டியைத் திருத்தி நிழல் வலை கட்டியிருக்கிறான். அதிற் கப்பி மீன்கள் உள்ளன. தகப்பனார் வயலால் வந்ததும் கைகால் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்பே அத்தொட்டியருகே செல்கிறார். தெளிகருவியை இப்போது வாய்க்காலுக்குக் கொண்டு போவதுமில்லை. மீனுக்காகத் தொடங்கிய அவ்வழக்கம் வாய்க்காலையும் காக்கின்றது.

கேள்வி உள்ளோர் கூட்டம் முடிந்ததும் இங்கேயே கேட்கலாம். வயலிலோ தோட்டத்திலோ என்னைக் கண்டும் கேட்கலாம்.